பதினான்காம் எண் வீட்டின் கையெழுத்து

அன்பு மகள் பாப்பாவுக்கு,

நம் தெருவில் சைக்கிள் பாதை வேண்டாம் என்று நீ கையெழுத்துப் போட்டது தவறு. இதை முதலில் எழுதாவிட்டால் எனக்கு மற்றது எழுத வராது. நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் தவறாமல் நடக்கிறது, கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. என் சுகத்தைப் பற்றி இந்தத் தடவை எழுதுவதாக இல்லை.

தெருவின் இடது ஓரத்தில் வண்டி நிறுத்துவதை எடுத்துவிட்டு, கம்பம் நட்டு, சைக்கிளுக்கென்று தனிப் பாதை போடலாமா என்று நகராட்சி கேட்டது. வீட்டுக்கு ஒரு கையெழுத்து. இரண்டு வாரம் படி ஏறி இறங்கிப் பதினெட்டு வீட்டில் வாங்கினேன், அவற்றுக்கு மேலே முதல் கையெழுத்து என்னுடையது. ஓய்வுபெற்ற வாத்தியார் வீட்டுக்குப் போனபோது அவர் சிரித்துக்கொண்டே, பெரியவரே முதல்ல உங்க வீட்டுக் கையெழுத்தை வாங்கிட்டு வாங்க என்றார். கிண்டல் என்று நினைத்தேன். நகராட்சிப் பலகையில் போய்ப் பார்த்தால் என் பெயர் மேல் சிவப்புக் கோடு. பதினான்காம் எண் வீடு, உரிமையாளர் நீ, வேண்டாம் என்ற பக்கத்தில் உன் கையெழுத்து. போன வருடம் உன் தம்பி விபத்தில் போன பிறகு, அடுத்து எங்களில் யார் முந்துவோமோ என்று அவசரப்பட்டு வீட்டை உன் பேருக்கு எழுதியவன் நான்தான். அதோடு என் வாயையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று அன்றுதான் தெரிந்தது. அங்கிருந்த கிளார்க் பெண், உட்காருங்க ஐயா என்று நாற்காலி போட்டாள். நான் உட்காரவில்லை.

நம் தெரு மருந்துக்கடைக்காரர் உனக்கு போனில் செய்தி அனுப்பியதை அம்மா சொன்னாள். பாதை வந்தா டயாலிசிஸுக்குக் கூட்டிப்போற வேன் வாசலில் நிற்க முடியாது, உங்கம்மா என்ன பண்ணுவாங்க என்று எழுதினாராம், நீயும் பயந்து போட்டாயாம். அவர் கெட்டவர் இல்லை. கடை முன்னால் வண்டி நிற்காவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயம். ஆனால் அதே கடை முன்னால்தானே நின்றிருந்த காரின் கதவு திறந்து தம்பி சைக்கிளோடு விழுந்தான், பின்னால் வந்த பஸ்ஸுக்கு ஒதுங்க இடமில்லை. தண்ணீரோடு ஓடி வந்து அவனை மடியில் போட்டுக்கொண்டவரும் இவர்தான். அந்த இடத்தில் வண்டி நிற்க வேண்டும் என்று இவரே இன்று ஊரைக் கூட்டுகிறார், எனக்கு விளங்கவே இல்லை. நான் மோட்டாருக்குக் கம்பி சுற்றிப் பிழைத்தவன், எழுத்தைக்கூடக் கடைப் பலகை பார்த்துக் கற்றவன். ஆனாலும் தெரு அகலத்தை நானே டேப் பிடித்து அளந்தேன். பாதை இருந்திருந்தாலும் பஸ் போயிருக்கும், தம்பியும் வீடு வந்திருப்பான்.

அம்மாவுக்காகத்தான் போட்டாய், நான் மறுக்கவில்லை. அவளிடமே கேட்டேன். வேன் மூலையில நிக்கட்டும், என்னைச் சாக்கு வச்சு அவன் பாதையை அடைக்காதீங்க என்றாள். அப்புறம் அவளுக்கே உரிய குசும்போடு, உங்ககூட வாதாடறதுக்கு அந்த மெஷினே பரவாயில்லை, நாலு மணி நேரத்துல விட்டுடுது என்றாள். சிரித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வாசலிலிருந்து மூலை வரை நூற்றுப் பத்துக் காலடி. சக்கர நாற்காலியில் நான்கு நிமிடம், மழையென்றால் ஆறு.

கோபத்தில் மறந்துவிடக் கூடாது, ஆசியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள். சின்னவளை ரோட்டோரம் கையை விடாமல் கூட்டிப் போ.

இனி ஆக வேண்டியவை. நீ: போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன், பாதை வேண்டும் என்று உன் கைப்பட எழுத வேண்டும், நகராட்சி கெடு வைத்திருக்கும் பதினைந்தாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும், போனில் சொன்னால் செல்லாது. பத்தொன்பதுக்குப் பதினெட்டில் தோற்றிருக்கிறோம், உன் ஒன்று மாறினால் போதும். மாப்பிள்ளை: எழுதிய அன்றே தபாலில் சேர்க்க வேண்டும். நகராட்சி: வேன் நிற்க மூலையில் மஞ்சள் கட்டம் போட வேண்டும், மனு கொடுத்துவிட்டேன். மருந்துக்கடைக்காரர்: அம்மாவின் மாத்திரையை வழக்கம்போல எடுத்து வைத்தால் போதும். நான்: வாரம் மூன்று நாளும் நாற்காலியைத் தள்ள வேண்டும். என்னால் முடியாமல் போகும் நாளில் தள்ள வேண்டியவர்: இந்த இடத்தில் பெயர் எழுதாமல் விட்டிருக்கிறேன், நீ எழுது.

உன் அப்பா