உருளைக்கிழங்கு போட வெட்டிய குழி

அன்புள்ள ஸ்லாத்தா,

லிஸ்பனில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியைப் படித்துப் பதறாதே.

நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி ஸ்தெபானியா தோட்டத்தில் ஒரு துண்டு நிலத்தைக் காட்டி, "சும்மா சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருக்காரே உங்க வீட்டுக்காரர், உருளைக்கிழங்கு போடச் சொல்லுங்கக்கா, எங்க ஊரு மண்ணு ஒண்ணும் கடிச்சிடாது" என்றாள். குண்டுக்குத் தப்பி டான்பாஸை விட்டு மேற்கே இந்தப் பக்கம் வந்ததிலிருந்து உன் அப்பா மண்வெட்டியைத் தொட்டதே இல்லை. நேற்றுக் காலை அவராகவே எடுத்துக்கொண்டு போனார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை, பீட்ரூட் சூப்பை அடுப்பிலேயே விட்டுவிட்டு விதைக்கிழங்கு வாளியோடு பின்னால் ஓடினேன். போய்ப் பார்த்தால் பாத்தி இல்லை ஸ்லாத்தா. ஆள் நீளத்துக்கு ஒரு குழி, அதில் இடுப்பு வரைக்கும் உன் அப்பா. தனக்கே வெட்டுகிறாரோ என்று நான் கத்திவிட்டேன். அவர் நிமிராமலே, "லியோனித்துக்கு இவ்ளோ ஆழம் வெட்டலடி. குண்டு விழுந்துட்டே இருந்துச்சு, முழங்கால் ஆழத்துல மூடிட்டு ஓடியாந்துட்டேன். நாய்ங்க கெளறியிருக்கும்" என்றார். உன் லியோனித் சித்தப்பாவை நல்லபடியாக அடக்கம் செய்ததாகத்தான் நிலவறையில் ஒளிந்திருந்த என்னிடம் அன்று சொன்னார். இதை உள்ளே வைத்துக்கொண்டு இத்தனை நாளும் என் பக்கத்திலேயே படுத்திருந்திருக்கிறார், எனக்குத் தெரியவே இல்லை.

சத்தம் கேட்டு வந்த ஸ்தெபானியா நிலத்தைப் பாழாக்கியதற்குத் திட்டப்போகிறாள் என்று பயந்தேன். அவள் குழியை எட்டிப் பார்த்தாள், நான் சொன்னதைக் கேட்டாள், உள்ளே போய் மெழுகுவர்த்தியும் இறந்தவர்களுக்குப் படைக்கிற தேன் ஊற்றிய கோதுமையும் கொண்டுவந்தாள். "அடக்கம்னா எல்லாரும் ஒரு புடி மண்ணு போடணும், நானும் போடறேன். ஆனா மூடற வேல உங்களுது, என் இடுப்பு தாங்காது" என்றாள். அதைக் கேட்டதும் உன் அப்பா சிரிக்க ஆரம்பித்து, குழியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார். ஊரை விட்டுக் கிளம்பியபோதுகூட அழாத மனுஷன்.

ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டதும் நானும் அப்பாவும் குழியை மூடினோம், கிழங்கை இன்று பக்கத்து மண்ணில் போட்டோம். சித்தப்பா பேச்சை எடுக்காதே என்று உனக்குச் சொல்லிவைத்தது நான்தான், இனி அப்படி வேண்டாம். போனில் சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதே, சித்தப்பாவைப் பற்றிக் கேள், அவர் சொல்வார். கடவுள் உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும், குளிரில் தலையை மூடாமல் வெளியே போகாதே.

மறந்துவிடாதே, அப்பா அந்த இடத்தில் நட ஒரு சிலுவை செய்துகொண்டிருக்கிறார், அதில் வைக்கப் படம் வேண்டுமாம். நம்மிடம் இருந்ததெல்லாம் வீட்டோடு எரிந்துவிட்டது. உன் போனில் சித்தப்பா இருந்தால் அனுப்பு. சிரிக்கிற படமாகப் பார்த்து அனுப்பச் சொன்னார்.

உன் அம்மா,
தமாரா