அருள்மேரி கேரியர்

என் உயிருக்குயிரான அம்மாவுக்கு,

கல்லறைத் திருநாள் நெருங்குகிறது. காசிமேட்டில் உன் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்லியாயிற்று. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, இவ்வளவு தாமதமாக எழுதுகிறேன். ஏதாவது நல்ல செய்தி வரட்டும், அதோடு எழுதலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அது வருகிற வழியைக் காணோம். அதனால் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வேலை போய்விட்டது, அம்மா. முதலில் உட்கார்ந்துகொள் என்று சொல்லத்தான் வாய் வருகிறது.

தொழிற்சாலையில் ஆட்குறைப்பு. முதலில் பேக்கிங் பிரிவுப் பெண்களை நிறுத்தினார்கள். பிறகு ஆபீசில் இருந்த இரண்டு டைப்பிஸ்டுகளில் ஒருத்தி போதும் என்றார்கள். அந்த ஒருத்தி நான் இல்லை. பேக்கிங் பெண்கள் அன்றிலிருந்து கேட்டுக்கு எதிரே கீற்றுப் பந்தல் போட்டு, வேலையைத் திருப்பிக் கொடு என்று உட்கார்ந்திருக்கிறார்கள். நான் உட்காரவில்லை. பி.ஏ. படித்த ஆபீஸ்காரி தெருவில் எப்படி உட்காருவது? கைப்பையை மாட்டிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. காய்ச்சலா என்று பிள்ளை ஸ்டெல்லாவின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டுப் பிலோமினா அக்காவிடம் பகலெல்லாம் சமர்த்தாக வளர்ந்த பிள்ளை, என்னைக் கண்டால் இன்று ஞாயிற்றுக்கிழமையா என்பதுபோல் பார்க்கிறது. துணி துவைக்கிறேன், மடிக்கிறேன், மடித்ததைப் பிரித்து மறுபடி மடிக்கிறேன். சும்மா உட்கார்ந்தால் விரல்கள் முழங்காலில் டைப் அடிக்கின்றன. தொழிற்சாலைச் சங்கு ஊதினால் கை தானாகக் கைப்பையைத் தேடுகிறது. உன் மருமகன் அந்தோணிக்கும் ஹார்பரில் வேலை போய்விட்டால் என்ற நினைப்பு வந்தால் அடுப்பில் வைத்ததை மறந்துவிடுகிறேன். நீ என்னை ஆபீஸில் உட்காரவைக்கத்தானே இவ்வளவு பாடுபட்டாய்? அது இல்லாமல் நான் யார் என்று யாரைக் கேட்பது?

ஒரு வேடிக்கை சொல்கிறேன். வேலை போன மறுநாள் காலையில் கை பழக்கத்தில் சோறு வடித்து, குழம்பு கூட்டி, நீ விட்டுப்போன டிபன் கேரியரை நிரப்பி வாசற்படியில் வைத்துவிட்டேன். சாப்பாட்டுக் கூடை தூக்கும் குப்பம்மா அக்கா உனக்குத் தெரியாதவளா? வாசலில் நின்று பேசமாட்டாள். தெருவில் படிக்குப் படி கேரியரை எடுத்துக் கூடையில் அடுக்கி, தலையில் ஏற்றிக்கொண்டு கம்பெனி கம்பெனியாகக் கொடுத்துவிட்டு வருவாள். நான் ஓடி வருவதற்குள் கூடை தெருமுனை திரும்பிவிட்டது. சாயங்காலம் கேரியர் காலியாக, கழுவிக் கவிழ்த்தபடி படியில் இருந்தது.

யார் சாப்பிட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் நிறுத்தவும் இல்லை. என் பங்குச் சோற்றைத்தான் அனுப்பினேன். நான் கஞ்சியைக் குடித்துக்கொண்டேன். கேரியர் வேலைக்குப் போகிறவரை நானும் கொஞ்சம் வேலையில் இருப்பதுபோல ஒரு நினைப்பு. இதை வேறு யாரிடம் சொல்ல முடியும்?

அந்தோணிதான் பார்த்துவிட்டார். "இன்னா ரோசி, இல்லாத ஆபீசுக்கு சோறு அனுப்பிகினு கீற?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சரி, நாளையோடு நிறுத்திவிடுகிறேன் என்றேன்.

அன்றைக்குப் பார்த்து, திரும்பி வந்த கேரியரில் ஏதோ உருண்டது. திறந்தால் அடித் தட்டில் கொய்யாப்பழம். மஞ்சளாகக் கனிந்ததாகப் பார்த்துப் பொறுக்கியது. ஸ்டெல்லா கைகொட்டினாள். நான் குப்பம்மா அக்காவின் வீட்டுக்கே போய்விட்டேன்.

"கேட்டாண்ட குந்திகினு கீற பொண்ணுங்க குட்துவுட்டாளுங்க," என்றாள். "தெனம் துன்ற ஏனத்த வெறுமன எப்டி அனுப்புறதுன்னு மரத்துல ஏறி உலுக்கினாளுங்க."

அவர்களுக்கு ஏன் கொடுத்தாய் என்று கேட்டேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "உனுக்கு வேல பூட்ச்சின்னு ஊருக்கே தெரியும். அப்பறமும் கேரியர் வெச்சியே, அவளுங்களுக்குன்னு நெனச்சேன். வேற யாருக்கு வெச்ச?"

இன்னும் கேள், அம்மா. கேரியர் மூடியில் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும் உன் பெயரைத்தான் அந்தப் பெண்கள் சொல்கிறார்களாம். அருள்மேரி கேரியர் வந்துச்சா என்று வழியைப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். செய்யாத தர்மத்துக்கு நமக்குப் பெயர் வந்திருக்கிறது. நான் கிளம்பும்போது குப்பம்மா அக்கா கூப்பிட்டு இதையும் சொன்னாள்: குழம்பில் உப்புக் குறைச்சலாம்.

மறுநாள் ஸ்டெல்லாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடையின் பின்னாலேயே நடந்தேன். உண்மையைச் சொல்லி நிறுத்திவிடத்தான் போனேன். பந்தலில் துளசி, பேக்கிங்கில் மேஸ்திரியாக இருந்தவள், என்னைக் கண்டதும் "டைப்பக்கா வந்துட்டாங்க, தள்ளிக் குந்துங்கடி" என்றாள். பாய் இல்லை, வெறும் சாக்கு. உட்கார்ந்தேன். துளசி கேரியரைத் திறந்து, வீட்டிலிருந்து எதுவும் கொண்டுவராதவர்களுக்கு மட்டும் ஆளுக்கொரு கவளம் உருட்டிக் கொடுத்தாள். அதில் ஒரு கவளம் என் கைக்கும் வந்தது. அதற்குமேல் என்னால் உண்மையை மூடிவைக்க முடியவில்லை. இதை உங்களுக்கென்று நான் அனுப்பவில்லை, பழக்கத்தில் வைத்தது, நிறுத்தத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

துளசி விரலை நக்கிக்கொண்டே சொன்னாள்: "அனுப்பாமலே இத்தினி நாளு வந்துச்சே. நெசமா அனுப்பினா எப்டி கீதோ பாக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும். எத்தனை நாளுக்குப் பிறகு என்று எனக்கே தெரியவில்லை. ஸ்டெல்லா மடி மாறி மடி போய்க்கொண்டிருந்தாள். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது குப்பம்மா அக்கா கேரியரைச் சுமக்கிறாள், நான் பிள்ளையைச் சுமக்கிறேன். சங்கு ஊதும்வரை பந்தலில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். வேலை திரும்பக் கிடைக்குமா? தெரியவில்லை. பயம் போய்விட்டதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருக்கிறது. அந்தோணியிடம் தயங்கித்தான் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டே, "ஒரு புடி சேத்து வடி. நாளைக்கு எங்க ஹார்பர் கேட்டாண்ட நாங்க குந்துனா யாராச்சும் வரணும்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்றுதான் உறுத்துகிறது. "நீ கரண்டி புடிக்கக் கூடாதுடி, ஆபீசுல குந்திகினு துன்னணும்" என்று என்னை அடுப்பங்கரைப் பக்கமே விடாமல் வளர்த்தாய். இன்று தெருவில் உட்கார்ந்து, நானே வைத்த குழம்பை ஊரோடு தின்கிறேன். கோபமா, அம்மா? உன் பெயர் போட்ட பாத்திரம்தான் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனது.

திருநாளன்று மெழுகுவர்த்தியோடு வருகிறேன். துளசியும் வருகிறேன் என்றிருக்கிறாள். அதுவரை உன் கேரியர் எந்தக் காலையிலும் படியில் காலியாகக் கிடக்காது. நாளையிலிருந்து உப்பும் சரியாக இருக்கும்.

உன் பெயரை வாசற்படியில் வைத்து அனுப்பும்
மகள் ரோஸ்லின்