அம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்தது

செம்பாக்கம்,
18-9-1986

சிரஞ்சீவி கிட்டுவுக்கு அப்பாவின் அநேக ஆசீர்வாதம். மஸ்கட்டில் நீ சௌக்கியமாக இருக்கவேண்டும், அது ஒன்றுதான் இப்போது எங்கள் பிரார்த்தனை. அம்மா கீழே விழுந்தாள், முதுகில் அடி என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அதற்கு மேல் எழுதக்கூடாது என்று அவள் தடுத்துவிட்டாள். இனிமேல் மறைப்பதற்கில்லை.

ஆடிக் காற்றில் மொட்டை மாடியில் புடவையை மடித்தபடி பின்னால் நகர்ந்திருக்கிறாள், கைப்பிடிச் சுவர் எழுப்பாத பக்கம். கீழே ஜல்லிக் குவியல் மேல் விழுந்தாள். அக்கம்பக்கத்தார் பதறிப்போய்க் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் உட்காரவைத்துவிட்டார்கள். முதுகெலும்பு முறிந்தவர்களைப் பலகையில் மட்டமாகப் படுக்கவைத்துத்தான் கொண்டுவரணும், இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படி மடங்கித்தான் வருகிறார்கள் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். விழுந்ததில் நரம்பு போயிற்றா, தூக்கியதில் போயிற்றா என்று கேட்டேன். இனிமே அதைக் கேட்டு என்ன சார் என்றார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. நடக்கமாட்டாள்.

ஒரே பக்கம் படுத்தால் புண் வந்துவிடும், அடிக்கடி புரட்டவேண்டும். பெண்கள் வார்டில் ஆண்களைத் தங்க விடமாட்டார்கள், நமக்கோ பெண் குழந்தை இல்லை, வராந்தாவில் நின்று தவித்தேன். பக்கத்துக் கட்டிலில் கிளியம்மாள் என்று குன்றத்தூர்ப் பெண், கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவள். அவளுக்குத் துணையிருந்த அக்கா பொன்னியம்மாள்தான், நீ இன்னாத்துக்கு சாமி பேஜாராவுறே, வெளிய குந்து, என் தங்கச்சியத் திருப்பறப்போ உன் வூட்டம்மாவையும் திருப்பிடறேன் என்று சொல்லி, அப்படியே செய்தாள். மூத்திரக் குழாயில் சீழ் பிடித்து, ஜுரம் கண்டு, கிளியம்மாள் போன வாரம் போய்விட்டாள். அன்றைக்கும் பொன்னியம்மாள் அழுதுகொண்டே அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டுத்தான் தங்கையோடு கிளம்பினாளாம்.

இனி இங்கே செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதால் திங்கட்கிழமை வீட்டுக்கு அழைத்து வந்தேன். இப்போது நான்தான் எல்லாம் செய்கிறேன். முதல் நாள் துடைத்துவிடும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, உங்களுக்கு இது வேணுமா, என்னை அங்கேயே விட்டுட்டு வந்திருக்கப்படாதா என்றாள். நான் துணியைப் பிழிந்து மறுபடி துடைத்தேன். இன்று காலை தலையைத் தூக்கிப் பார்த்து, முட்டிக்கு நடுவுல தலகாணி வைக்க மறந்துட்டேளே என்று கோபித்துக்கொண்டாள். அந்தக் கோபத்தைக் கேட்டதும்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

உன்னை வரவேண்டாம் என்கிறாள். அதை நம்பாதே, லீவு கிடைத்தால் வா. வேளைக்குச் சாப்பிடு. பெருமாள் உனக்குத் தீர்க்காயுசைக் கொடுக்கட்டும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். வந்ததும் வழக்கம்போல் அவள் காலைத் தொட்டுச் சேவிக்காதே, நீ தொட்டது அவளுக்குத் தெரியாது. தலைமாட்டில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா
தோத்தாத்ரி