கடைசி பாட்டில் சீம்பால்

ஏப்ரல் 3
இன்றும் ஏழு மணி நேரம் கரண்ட் இல்லை. மூத்த பசு ஈன்றபோது மனைவி கறந்து உறைய வைத்த மூன்று பாட்டில் சீம்பாலையும் ஐஸ் கடையில் கொண்டுபோய் வைத்தேன். போன வருடம் தாய்க்குச் சுரக்காமல் ஒரு கன்று செத்ததிலிருந்து இவளுக்கு இதே கவலை. "என்னண்ணே, பாலுக்கு ஏசி ரூமா?" என்று கடைக்காரர் சிரித்தார்.

ஏப்ரல் 9
மீன் லோடு வந்ததாம். கடைக்காரர் இரண்டு பாட்டிலை வெளியே எடுத்து வைத்துவிட்டார். இந்த வெயிலில் அரை நாள்! மூடியைத் திறந்தால் குடலைப் பிடுங்கும் நாற்றம். மிச்சம் ஒன்று.

ஏப்ரல் 14
செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டது. ஆனால் மடியில் பாலுக்குப் பதில் சீழும் ரத்தமும். இவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். ஓடிப்போய்க் கடைசி பாட்டிலை எடுத்து வந்தேன். கல்லாக இருந்தது. கை பொறுக்கும் சூட்டு நீரில் மெதுவாக உருக்கச் சொல்லியிருந்தார் மாட்டு டாக்டர். கன்று நாக்கை நீட்டி நீட்டித் தேடியது. அடுப்பில் வைத்துவிட்டேன். பால்தானே, காய்ச்சினால் நல்லதுதானே? கட்டி தட்டிப்போனதைத் துணியில் வடிகட்டிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 16
கன்றுக்குக் கழிச்சல். டாக்டரின் முதல் கேள்வி: "சீம்பால் குடுத்தீங்களா?"
"பொறந்த ஒரு மணி நேரத்துல குடுத்துட்டாரு" என்றாள் ஊரிலிருந்து திரும்பியிருந்த இவள், பெருமையாக.
"காய்ச்சிடலையே? காய்ச்சினா நோயத் தடுக்கிற சத்தே போயிடும்."
"அதெல்லாம் அவருக்குத் தெரியும் டாக்டர்."
நான் தலையாட்டினேன். எதுக்குடா ஆட்டின?

ஏப்ரல் 17
எழுந்து நிற்கவில்லை.

ஏப்ரல் 18
போய்விட்டது. சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைத் தள்ளிவிட்டு, "நான் எடுத்து வெச்சதுலதாங்க ஏதோ தப்பு. பாட்டில சரியா கழுவலையோ என்னமோ" என்றாள். சொல்லிடு. இப்பவே சொல்லிடு — சொல்லவில்லை. பாவி நான்.

மே 2
வெள்ளைப் பசு ஈன்றது. கன்று வயிறு முட்டக் குடித்த பிறகும் மடி நிறையப் பால். இவள் கறந்தாள். நான் பாட்டில்களை வெந்நீரில் கழுவி எடுத்துக்கொண்டு போனேன். அவற்றை அவள் பார்க்கக்கூட இல்லை. வாளியோடு நடந்துபோய்க் கொய்யா மரத்தடியில் கவிழ்த்தாள். மஞ்சளாக மண்ணில் இறங்கியது.
"வேணாங்க. என் கைக்கு இது ஆகாது."
வாயைத் திறந்தேன்.
"வாளியக் குடு, நான் கழுவி வெக்கிறேன்" என்றேன்.