ஏழாம் அத்தியாயம் மட்டும் பாக்கி

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீங்களும் மகனும் மருமகளும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குளிர் அதிகம் என்று மருமகள் சொன்னாள். கழுத்துத் துண்டு பெட்டியின் அடியில் இருக்கிறது. தேடாமலே காணோம் என்று சொல்லாதீர்கள்.

தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நெற்றியைச் சுருக்குவீர்கள். போனில் நான் மூன்றாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் நீங்கள் பதில் சொல்லி முடித்துவிடுகிறீர்கள். கடிதத்தில் அது முடியாதல்லவா? முதலில் வேலை விஷயம். நாடு எங்கே தடம் மாறியது என்று நீங்கள் எழுதும் புத்தகத்தில், தபாலில் வந்த ஏழு அத்தியாயங்களில் ஆறைத் தட்டச்சு அடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஏழாவதை அடிக்கவில்லை. கண்ணும் வலிக்கவில்லை, கம்ப்யூட்டரும் கெடவில்லை. காரணத்தைக் கோபப்படாமல் கடைசி வரை படியுங்கள்.

கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் பென்சிலில் எழுதிய அத்தனையையும் நான்தான் அடித்திருக்கிறேன். சந்தேகம் வந்த இடத்தில் ஓரமாகச் சின்னதாய் ஒரு கேள்விக்குறி போடுவேன். நீங்கள் அதை ரப்பரால் அழித்துவிட்டு, அப்படியே அடி என்பீர்கள். நானும் அடிப்பேன். இந்தத் தடவை ரப்பர் கடல் தாண்டிப் போய்விட்டதே! கேள்விக்குறி போட்ட இடங்களை நானே போய்ப் பார்த்துவிட்டு வரலாமென்று கிளம்பினேன்.

ஒரே மாடியில் பத்து வருடம் குடியிருந்தும் எதிர்வீட்டாரின் முகம் தெரியாதவர்களாகிவிட்டோம் என்று இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. இதற்கு வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. எதிர்வீட்டு பஸ் டிரைவரம்மாவின் கதவைத் தட்டி வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். போன வருடம் உங்களுக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரை வாங்கி வந்ததே அவள்தான். மருந்துக்கடைப் பெண் என்று நினைத்து நன்றி சொல்லி அனுப்பினீர்கள்.

நான்காம் அத்தியாயம் அப்படியில்லை. முன்பு பொதுக்கூட்டத்தில் ஒருவர் பேச மற்றவர்கள் கேட்டார்கள், இப்போது கத்துவதற்கு எல்லோரும் உண்டு, கேட்பதற்கு ஆளில்லை என்கிறீர்கள். டிரைவரம்மாவோடு வார்டுக் கூட்டத்துக்குப் போனேன். நீங்கள் எழுதியதைவிட மோசம். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஆறு பேர் அதைப் போனில் படம் பிடித்தார்கள். சாயங்கால மருத்துவமனையை மூடுவதா வேண்டாமா என்பதுதான் பேச்சு, ஆனால் யார் எந்தப் பக்கம் என்றே புரியவில்லை. உங்கள் மேல் எனக்கு மரியாதை கூடித்தான் போனது.

எனக்குத்தான் சும்மா உட்காரத் தெரியாதே. ஆபீஸ் நாள் பழக்கத்தில் எல்லோர் பேச்சையும் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டே இருந்தேன். கடைசியில் தலைவர் எழுந்து, யாரும் ஆட்சேபிக்கவில்லை, மருத்துவமனையை மூடும் தீர்மானம் நிறைவேறியது என்றார். என் கை தானாக மேலே போய்விட்டது. ஆட்சேபிச்சாங்களே, எல்லாம் எங்கிட்ட இருக்கே என்றேன். நோட்டைப் பிரித்து வாசித்தேன். பேக்கரிக்காரர் சொன்னது, தையல்காரர் சொன்னது, எல்லாரும் மூட வேணாங்கிறீங்கன்னு தெரியுது, சத்தம் போடாதீங்க என்று நடுவில் தலைவரே சொன்னது. தாங்கள் பேசியதைத் தாங்களே கேட்க அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். தீர்மானத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் டிரைவரம்மாவும் பேக்கரிக்காரரும் வந்தார்கள். வார்டு தேர்தலில் நான் நிற்க வேண்டுமாம். சிரித்து அனுப்பிவிட்டு ஏழாம் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சட்டமும் சரித்திரமும் படித்தவர்கள் நடத்திய நாடு இன்று அடுப்படியிலிருந்து நேராக அரசியல் அரங்கத்துக்கு வருகிறவர்கள் கையில் சிக்கிச் சீரழிகிறது என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தீர்கள். அடுப்படி என்ற சொல் வரைக்கும் அடித்தேன். அதற்கு மேல் விரல் ஓடவில்லை. கேள்விக்குறி போடக்கூடத் தோன்றவில்லை, மனசு அவ்வளவு வலித்தது. எழுந்து போய் வேட்புமனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தொழில் என்ற இடத்தில் தட்டச்சர் என்று எழுதினேன்.

கோபத்தில் போட்டது என்று நினைக்காதீர்கள். பாதிதான் கோபம். மீதி, நீங்கள் சொல்வது சரிதானோ என்று தெரிந்துகொள்ளும் ஆசை. எனக்குச் சட்டம் தெரியாது. நம் குழாய்த் தண்ணீர் எந்த ஏரியிலிருந்து வருகிறது என்பதையே போன வாரம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இத்தனை வருடம் கேட்காமல் இருந்தோமே என்று ஆச்சரியமாக இருந்தது. என்னை மாதிரி ஆட்களால் நாடு கெடுமா, தேறுமா? உங்களிடம் பதில் இருக்கிறது. என்னிடம் இல்லை. அதனால்தான் போய்ப் பார்க்கத் தோன்றுகிறது.

மனுவை வாபஸ் வாங்க வரும் வியாழக்கிழமை கடைசி நாள். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர எத்தனை நாளாகும் என்று தபாலாபீசில் கேட்டேன். பத்து நாள் என்றார்கள். நிச்சயமாகவா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்ட பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். உங்களிடம் நான் ஒன்றை மறைத்தது இதுவே முதல் தடவை. மன்னித்துவிடுங்கள்.

ஓட்டுப்பதிவு அடுத்த மாதம் இருபதாம் தேதி, பின்தெருப் பள்ளிக்கூடத்தில். எனக்குத்தான் போட வேண்டும் என்றில்லை, சரியென்று பட்டவருக்குப் போடுங்கள். ஆனால் வந்துவிடுங்கள். ரப்பரைப் பேத்தியிடம் விளையாடக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஒரு கூட்டத்திலாவது பின்வரிசையில் உட்கார்ந்து, நான் பேசுவதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். அதற்குப் பிறகும் ஏழாம் அத்தியாயம் அப்படியேதான் இருக்க வேண்டும் என்றால், என் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே சொல்லுங்கள். ஓர் எழுத்து மாற்றாமல் அடித்துத் தருகிறேன்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்
மனைவி