மச்சானோட கார்

வெள்ளி இரவு. கந்தப்பளையில் இன்னும் மழை விடவில்லை.

காரை வாடகைக்கு விடுவதாக எழுதிக் கொடுத்தால் இன்சூரன்ஸுக்கு இரண்டு மடங்கு கேட்கிறார்கள். அதனால் சொந்தப் பாவனைக்கு என்றே கட்டியிருக்கிறேன். காரை எடுக்க வருகிறவர்களிடம், "யாரு கேட்டாலும் மச்சானோட காருன்னு சொல்லுங்க" என்று சொல்லி அனுப்புவேன். இங்கே எல்லோரும் செய்கிறதுதான்.

காலையில் வந்த குமாரிடமும் அதையேதான் சொன்னேன். பூண்டுலோயாப் பக்கத்து ஆள், இதற்கு முன் பார்த்ததே இல்லை. "பேரத் தவிர ஒண்ணும் தெரியாத ஆளுக்குச் சாவியக் குடுக்குறீங்களே" என்றாள் என் மனைவி மேரி. அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

ஆறு மணிக்கு இறம்பொடையிலிருந்து பொலிஸ்காரர் ஒருவர் பேசினார். பனிமூட்டத்தில் கார் பள்ளத்தில் பாய்ந்துவிட்டதாம். ஆளைத் தூக்கும்போது, மச்சானோட கார் என்று மட்டும் குமார் சொன்னாராம். "அவரு உங்க மச்சான்தானா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

இன்சூரன்ஸ் கிடைக்காமல் போய்விடுமே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஆளுக்கு என்ன ஆனது என்று கேட்கவில்லை. ஆமாம் என்றேன்.

அவர் குரல் சட்டென்று தணிந்துவிட்டது. "அப்ப வேற சொந்தக்காரங்களத் தேட வேண்டியதில்ல. காலையில ஆஸ்பத்திரிக்கு வாங்க. அடையாளம் காட்டி நீங்கதான் கையெழுத்துப் போடணும்."

"அவருக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்களா?" என்று மேரி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். தெரியாது.

முகத்தை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். மழையில் குடைபிடித்து நின்றார். குடைதான் ஞாபகம் வருகிறது.