என்னைத் தவிர எல்லோரும் பார்க்கும் என் வீடு

அனுப்புநர்:
லிஃப்ட் மெக்கானிக்,
மேல்மாடி வீடு,
தபால் நிலையத்தின் பின்தெரு.

பெறுநர்:
இணையக் குற்றத் தடுப்பு அலுவலர் அவர்கள்.

பொருள்: எங்கள் வீட்டுக் கேமராவுக்குள் நுழைய எனக்கும் ஓர் இடம் வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவிக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. தினமும் வாக்கரைப் பிடித்து நடந்து பழகாவிட்டால் மூட்டு இறுகிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். நான் வேலைக்குப் போனபின் அவள் தனியாக இருக்கிறாள். விழுந்துவிட்டால் கைப்பேசியில் தெரியட்டும் என்று கூடத்தில் கேமரா வைத்தேன்.

2. பொருத்தியவர் தெரு முழுவதற்கும் ஒரே கடவுச்சொல் வைத்துவிட்டார். கேட்டதற்கு, "வீட்டுக்கு ஒண்ணு வெச்சா எனக்கு எப்படிங்க ஞாபகம் இருக்கும்?" என்றார். அது இப்போது இணையத்தில் கிடக்கிறதாம். வேலியே பயிரை மேய்வது பழைய கதை. இங்கே ஊர் மாடெல்லாம் உள்ளே.

3. கேமராவில் பேசும் வசதியும் உண்டு. சென்ற வாரம் அதிலிருந்து யாரோ, "அக்கா, அடுப்புல பால் பொங்குது" என்றார். பால் பொங்கத்தான் செய்தது, நன்றி மறப்பதற்கில்லை. ஆனால் மறுநாள் வேறொருவர், "இடது காலை இழுக்காதீங்க அக்கா" என்றதும் கூசிப்போய் உட்கார்ந்தவள், இன்னும் நடக்க எழவில்லை. துண்டு போட்டு மூடினேன். "ஒண்ணுமே தெரியலையே, நல்லா இருக்கீங்களா?" என்று துண்டுக்குள்ளிருந்து கவலைப்பட்டார்கள்.

4. கடவுச்சொல்லை மாற்ற உள்ளே நுழைய வேண்டும். நுழையப் போனால், "பார்வையாளர்கள் நிரம்பிவிட்டனர், பிறகு முயலவும்" என்று வருகிறது. லிஃப்டில் ஆள் கூடினால் கடைசியாக ஏறியவராவது இறங்குவார். இங்கே யாரும் இறங்குவதாயில்லை. அவள் சாப்பிட்டாளா என்பதை மூலைக் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். அவராவது பார்க்கிறாரே என்றுதான் துண்டை எடுத்துவிட்டுக் கேமராவைக் கழற்றாமல் இருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது ஐயா.

5. நேரில் முறையிட நேற்று தங்கள் அலுவலகம் வந்தேன். நான் வாயைத் திறக்குமுன் எழுத்தர் எழுந்து, "வாங்க வாங்க. அக்கா ஏன் இப்பல்லாம் நடக்கறதில்லை?" என்றார். பக்கத்து மேசைக்காரரும் மிகவும் வருத்தப்பட்டார்.

ஆகவே, ஊராரை வெளியேற்றத் தங்களுக்கு நாளாகலாம். முதலில் தங்கள் அலுவலகத்தார் மட்டும் சற்று இறங்கிக்கொண்டால் போதும். அந்த இடத்தில் நான் ஏறிக் கடவுச்சொல்லை மாற்றிவிடுகிறேன். அவள் விழுந்தால் ஓடிவர வேண்டியவன் நான். அவள் மறுபடி நடப்பதை நான் பார்க்க வேண்டும்.

தபால் தாமதமாகும் என்பதால் இம்மனுவின் பிரதியைக் கேமரா முன் ஒட்டியுள்ளேன். எழுத்து பொடியாக இருந்தால் அதன் வழியே சொல்லவும். என் மனைவி பெரிதாக எழுதி ஒட்டுவாள். அதற்காவது அவள் எழுந்து நடக்கட்டும்.

நாள்: செவ்வாய்க்கிழமை
இடம்: எங்கள் வீட்டுக் கூடம், கேமராவின் எதிரே

தங்கள் அலுவலகம் நன்கறிந்த,
(ஒப்பம்)
லிஃப்ட் மெக்கானிக்